பிள்ளைக்காம்பராவின் கதவு

தான் தூக்கி வளர்த்த பிள்ளைகளே தன் முகத்தில் கரியைப் பூசும் என்று பேச்சியம்மா கனவிலும் நினைத்ததில்லை. பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமான கரி, அடுப்பிலிருந்து எடுத்து வந்த கரிக்கட்டை. அதுவும் ஒன்றா இரண்டா, பதினேழு.

நடந்தது மஸ்கெலியாவுக்கு மேலே, மூணுகல் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில். பேச்சியம்மா அங்கே பிள்ளைக்காம்பரா ஆயம்மா. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க ஓடுகிற பெண்கள், இடுப்புப் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கொழுந்து மலைக்கு ஏறுவார்கள். கைப்பிள்ளையிலிருந்து ஐந்து வயது வரை இருபது, இருபத்திரண்டு உருப்படிகள். பால் கரைப்பது, சோறு ஊட்டுவது, மூக்கைத் துடைப்பது, தொட்டிலாட்டுவது, சாயங்காலம் அம்மாமார் வந்து தூக்கிக்கொண்டு போகும் வரை எல்லாம் அவள் ஒருத்தி. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் உதவிக்கு இன்னொருத்தி இருந்தாள். அந்தப் பெண் கொழும்புக்கு வேலைக்குப் போனதோடு சரி, அந்த இடத்துக்கு வேறு ஆள் போட நிர்வாகம் மறந்துபோனது. நிர்வாகத்தின் மறதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது, விடுங்கள்.

பேச்சியம்மா பிறந்ததும் அதே டிவிஷனில் ஒரு லயத்து வீட்டில்தான். பதினாறு வயதில் கூடை மாட்டினாள். இருபத்தேழாவது வயதில் ஒரு மழை நாளில் கொழுந்துக் கூடையோடு சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து, கோணலாகவே ஒட்டிக்கொண்டது. கொழுந்து கிள்ள வராத கை பிள்ளை தூக்க வரும் என்று அப்போதிருந்த தோட்டத் தொரை கண்டுபிடித்தார். பெரிய கண்டுபிடிப்பு! ஆனால் அது சரியாகத்தான் போனது. முப்பத்தொரு வருடமாக அந்தக் கோணல் கையில் தூங்காத பிள்ளை அந்த டிவிஷனில் கிடையாது. எந்தப் பிள்ளை குப்புறப் படுத்தால் தூங்கும், எதற்குக் காதைத் தடவ வேண்டும், எது பால் குடித்ததும் கக்கும் என்று எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கல்யாணம் முடித்த வாலிபப் பையன்கள்கூட ரோட்டில் அவளைக் கண்டால் பீடியைப் பின்னால் மறைப்பார்கள்.

"என் காம்பராவுல ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல" என்பாள். சொல்லிவிட்டு உடனே வாயை மூடிக்கொள்வாள். ஏனென்றால் ஒரே ஒரு பிள்ளை உண்டு. அந்தப் பேச்சை அவளும் எடுப்பதில்லை, ஊரும் எடுப்பதில்லை.

போன வருடம் புதிய பிரதேச சபை வந்தது. வந்த கையோடு ஒரு புதுமை: ஒவ்வொரு டிவிஷனுக்கும் சபை ஒரு வேலை செய்து தரும், அது என்ன வேலை என்பதைப் பெரியவர்கள் அல்ல, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் முடிவு பண்ணுவார்கள். ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"மூக்க ஒழுங்கா சிந்தத் தெரியாததுங்க, இதுங்க சொல்லி சபை கேக்கப்போவுதாம்" என்றார் செல்லசாமி. அவர்தான் டிவிஷனின் தொழிற்சங்கத் தலைவர். ரோட்டோரம் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டி அதில் தன் பேரைப் பொறிக்க வேண்டும் என்பது அவருக்குப் பத்து வருடக் கனவு.

கூட்டம் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில். நடத்த வந்தவள் சபையில் சிறுவர் வேலைகளைப் பார்க்கும் கிருஷாந்தி. வெளியாள் இல்லை, அதே டிவிஷனில் பிறந்து பேச்சியம்மாவின் கையில் பால் குடித்து வளர்ந்து, படித்து ஆளானவள். வந்ததும் பேச்சியம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பேச்சியம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. முன் வரிசைப் பெஞ்சில் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கிருஷாந்தி சுண்ணாம்புப் பொடியால் தரையில் முழு டிவிஷனையும் வரைந்தாள். லயங்கள், கோயில், கடை, ரோடு, தண்ணீர் விழும் பீலி, பிள்ளைக்காம்பரா, எல்லாம்.

"புடிச்ச எடத்துல பூ வைங்க. பயமா இருக்குற எடத்துல கரி வைங்க. பெரியவங்க யாரும் வாயத் தெறக்கக் கூடாது" என்றாள்.

இருபத்து மூன்று பிள்ளைகள். பூ கோயிலில் விழுந்தது, பந்து விளையாடும் மேட்டில் விழுந்தது. சிறுத்தை வந்து போன வளைவில் மூன்று கரி. சாராயக்கடைக்குப் போகிற குறுக்குப் பாதையில் மூன்று. மீதிப் பதினேழு பிள்ளைகளும் வரிசையாக வந்து, குனிந்து, ஒரே கட்டத்தில் கரியை வைத்தார்கள். சின்னதாக ஒரு குவியலே ஆகிவிட்டது.

பிள்ளைக்காம்பராவின் மேல்.

பேச்சியம்மா முதலில் இடம் மாறி வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தாள். எழுந்து வந்து கிட்டப் பார்த்தாள். நாலு கோடு, ஒரு கதவு, முன்னால் ஒரு கொய்யா மரம். அவளுடைய காம்பராதான். அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏன் இங்க வச்சீங்க?" என்று கேட்டாள் கிருஷாந்தி. அவள் குரலே மாறியிருந்தது.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடைசியில் ஷாமிலா முன்னால் வந்தாள். பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் மூன்று வயதுத் தம்பி கிஷாந்தைக் காம்பராவிலிருந்து கூட்டிப்போகிறவள் அவள்தான்.

"கொண்டி, மிஸ்" என்றாள். "காம்பராவுல தண்ணி இல்ல. ஆயம்மா காலையில ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா பீலிக்குப் போவாங்க. போறப்போ வெளிய கொண்டி போட்டுட்டுப் போயிருவாங்க. உள்ள ஒரே இருட்டு. சின்னப் புள்ளைங்க எல்லாம் கத்தும். நாங்களும் கத்தியிருக்கோம். எங்க தம்பி இப்ப வீட்டுல கதவச் சாத்துனாலே ஒண்ணுக்குப் போயிருவான் மிஸ். பனியில கூட நாங்க கதவத் தெறந்து வச்சுத்தான் படுக்கிறோம்."

"அதுக்கு என்ன செய்யலாம்ங்கிற?"

ஷாமிலா யோசிக்கக்கூட இல்லை. "பீலித் தண்ணிய குழாயில காம்பராவுக்கு உள்ள கொண்டாந்துட்டா ஆயம்மா வெளிய போகத் தேவையில்லயே. அப்ப கொண்டியும் தேவையில்ல."

அந்தக் கடைசி வார்த்தைகள் பேச்சியம்மாவின் காதில் விழவே இல்லை. கொண்டி என்ற சொல்லோடு அவளுக்குக் காது அடைத்துப்போனது. வளர்த்த கடா மார்பில் பாய்கிறது என்பார்களே, இங்கே பதினேழு கடாக்கள். போதாததற்குச் செல்லசாமி பின்னாலிருந்து அவள் காதோரம் குனிந்தார்.

"ஆயம்மா, தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் ஐயா மூலையில நிக்கிறாரு. புள்ளைங்கள ஒத்தையில பூட்டி வச்சீங்கன்னு எழுதிட்டா வேல போயிரும். இன்னும் ரெண்டு வருஷத்துல கௌரவமா வேலய விட்டு எறங்க வேண்டியவங்க. இல்லன்னு சொல்லுங்க."

உண்மையில் அந்தக் கொண்டி ஊருக்கே தெரிந்த கொண்டி. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொரு தாய்க்கும் தெரியும். இருந்தும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

"பொய்!" என்று கத்தினாள் பேச்சியம்மா. "பச்சப் பொய்! நான் எதுக்குடி புள்ளைங்களப் பூட்டப்போறேன்? ஒன் பீய அள்ளுன கையிடி இது. பொய் சொல்ற வாய்க்குப் புழுத்த அரிசிகூடக் கெடைக்காது, தெரிஞ்சுக்க!"

ஷாமிலா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவள் மெதுவாகக் குனிந்து தன்னுடைய கரிக்கட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்த பிள்ளையும் குனிந்து எடுத்தது. பிறகு அடுத்தது. பதினேழும் எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் நின்றுகொண்டன. தரையில் கறுப்பாக ஒரு தடம் மட்டும் மிஞ்சியது.

சபையின் விதி ஒன்று இருந்தது. ஓர் இடத்தைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டால் அந்த இடத்துப் பொறுப்பாளர் அது உண்மை என்று கையெழுத்துப் போட வேண்டும். பேச்சியம்மா போடவில்லை. கிருஷாந்தி பிள்ளைகள் கேட்டதைத் தாளில் ஒரு கோடு கிழித்து அடித்தாள். பிள்ளைகள் வேறு எதையும் கேட்காததால் அந்த இடத்தில் செல்லசாமியின் பஸ் தரிப்பிடம் எழுதப்பட்டது. அடுத்த சனிக்கிழமை சபைத் தலைவரான தவிசாளர் நேரில் வந்து முடிவு செய்வார் என்று கூட்டம் கலைந்தது.

பேச்சியம்மாவுக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. லயத்து வாசலெல்லாம் கண்கள். நேராகக் காம்பராவுக்குப் போனாள். அன்று பிள்ளைகள் இல்லை. யாரும் பார்க்காமல் ஒரு பாட்டம் அழுதுவிட வேண்டும் என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சாத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முப்பத்தொரு வருடத்தில் அவள் அந்தக் கதவை உள்ளேயிருந்து சாத்தியதே இல்லை.

எப்படிச் சாத்துவாள்? காம்பராவுக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் ஆள் உயரத்துக்கு மேலே, குளிருக்குப் பலகை அடித்து மூடியது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலும் இருட்டு. அதனால் அவள் உள்ளே இருக்கும் நேரமெல்லாம் கதவு முழுக்கத் திறந்து சுவரோடு ஒட்டிக் கிடக்கும், குளிருக்கு வாசலில் ஒரு சாக்குத் தொங்கும், கதவு காற்றில் ஆடாமல் பாய்க்கட்டைச் சாய்த்து வைப்பாள். கதவு மூடியிருக்கும் நேரமெல்லாம் அவள் வெளியே இருப்பாள். வெளிப்பக்கத்துக்கு வருடா வருடம் பச்சைப் பெயின்ட் அடிக்கிறார்கள். உள்பக்கத்தை அவள் பார்த்ததே கிடையாது.

இப்போது பார்த்தாள். கதவுக்குக் கீழே ஒரு விரற்கடை வெளிச்சம். மற்றபடி எதுவும் தெரியவில்லை. கையால் தடவினாள். இடுப்புக்கு மேலே பலகை வழவழவென்று இருந்தது. கீழே போகப் போகக் கை சொரசொரத்தது. என்ன இது என்று முழங்காலில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்.

ஐயோ, என் தாயே!

கதவின் கீழ்ப்பாதி முழுக்கக் கீறல். நகத்தால், கரண்டிக் காம்பால், உடைந்த விளையாட்டுச் சாமானால். ஒன்றின் மேல் ஒன்றாக, எள் போட இடமில்லாமல். சில இடத்தில் மரம் குழிந்தே போயிருந்தது. அடிச்சட்டத்தில், தவழ்கிற பிள்ளையின் வாய் எட்டும் உயரத்தில், பல் பதிந்த அடையாளம். புதியவை வெளுத்துக் கிடந்தன. பழையவை அழுக்கேறிக் கறுத்துக் கிடந்தன. அத்தனையும் அவளுடைய பிள்ளைகள். அவள் திரும்பி வந்து கொண்டியை எடுக்கும்போது, "ஏன் இப்புடி ஊரக் கூட்டுறீங்க, ஆயம்மா தண்ணிக்குத்தானே போனேன்" என்று சிரித்துக்கொண்டே தூக்கிய பிள்ளைகள்.

அழ வந்தவளுக்கு அழுகை வரவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ.

தேடிக்கொண்டு வந்தவர் புருஷன் சின்னராசா. தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் வேலை, அதிகம் பேசாத ஆள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவரிடம், "சாத்துங்க" என்றாள் பேச்சியம்மா. "சாத்திட்டு இங்க வந்து பாருங்க."

அவர் பார்த்தார். விரலால் ஒரு பழைய கீறலைத் தொட்டார். "நம்ம சுதர்ஷினியும் இங்கதானே வளந்தா" என்றார்.

சுதர்ஷினி அவர்களுடைய ஒரே மகள். கொத்மலையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பெற்ற மகளையும் சேர்த்துத்தான் அவள் வெளியே கொண்டி போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அது வரைக்கும் அந்த நினைப்பே அவளுக்கு வரவில்லை. வந்தபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தாள்.

அந்த வாரம் முழுக்கப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்தவர் சின்னராசா. விடியற்காலை வேலைக்குப் போகுமுன் நாலு குடம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாலு குடம். கொண்டி போடவில்லை. பேச்சியம்மா யாரோடும் பேசவில்லை. சாயங்காலம் ஷாமிலா தம்பியைக் கூட்டிப்போக வருவாள், வாசலுக்கு வெளியேயே நிற்பாள், "வா தம்பி" என்பாள், போய்விடுவாள். ஆயம்மா என்று கூப்பிடுவதில்லை. அந்த ஒரு சொல் இல்லாதது பேச்சியம்மாவுக்கு நெஞ்சில் முள்ளாக உறுத்தியது.

வெள்ளிக்கிழமை அவள் புருஷனிடம் சொன்னாள்: "நாளைக்குக் காலையில அந்தக் கதவக் கழட்டித் தரணும்."

"பேச்சி, ஒனக்கென்ன கிறுக்கா? தோட்டத்துக் கதவு அது. கழட்டுனா வெசாரண வைப்பான்."

"வைக்கட்டும். நான் வாயால சொன்னா எவனும் நம்ப மாட்டான். வாயாலதானே அன்னைக்குப் பொய் சொன்னேன்."

சனிக்கிழமை காலை அந்தக் கண்கொள்ளாக் காட்சியை டிவிஷனே பார்த்தது. முன்னால் சின்னராசா, பின்னால் கோணல் கையோடு பேச்சியம்மா, நடுவில் ஒரு பச்சைக் கதவு. நாய்கள் குரைத்தன. "என்ன ஆயம்மா, வீடு மாறுறீங்களா?" என்று ஒருவன் கேலி பண்ணினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மண்டபத்தில் தவிசாளர் வந்து உட்கார்ந்திருந்தார். செல்லசாமி வேட்டி சட்டையோடு, தரிப்பிடத்தின் படத்தைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார். பிள்ளைகள் சுவரோரம். ஆபீஸ் கிளாக்கர் ஐயா மூலையில். கதவு உள்ளே வந்தது. பேச்சியம்மா அதைச் சுவரில் சாய்த்து, உள்பக்கத்தைச் சனங்களுக்குக் காட்டித் திருப்பினாள்.

"இது காம்பராக் கதவு" என்றாள். "இந்தப் பக்கத்த நான் பாத்ததில்ல. நீங்களும் பாத்திருக்க மாட்டீங்க. வந்து பாருங்க."

முதலில் ஒரு தாய் வந்தாள், குனிந்தாள், "ஐயோ" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பிறகு எல்லோரும் எழுந்து வந்தார்கள். வாலிபப் பையன்கள் இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வெளியே போய்விட்டார்கள். செல்லசாமியின் முகத்தில் ஈயாடவில்லை. கிருஷாந்தி எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவளும் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தவள்தானே.

"போன கெழம இந்தப் புள்ள சொன்னது அம்புட்டும் நெசம்" என்றாள் பேச்சியம்மா. "நான்தான் பொய் சொன்னேன். கொண்டி போட்டது நான். தெனம் ரெண்டு தடவ. ஏன் போட்டேன்னும் சொல்லிர்றேன்."

அவள் நிமிர்ந்து கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினாள். காளியாயி கடைசிப் பெஞ்சில் இருந்தாள். காளியாயிக்கும் அவள் வயதுதான்.

"காளியாயியோட மகன் பிரதாப்பு. ரெண்டர வயசு. நான் வந்து மூணாவது வருஷம். கதவத் தெறந்து வச்சிட்டுப் பீலிக்குப் போனேன். வர்றதுக்குள்ள என் பின்னாலயே வந்திருக்கான். மழ பேஞ்சு வடிகான்ல தண்ணி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரோட்டுக்கடியில போயி அவனத் தூக்குனாங்க."

இருபத்தெட்டு வருடமாக யாரும் வாய்விட்டுப் பேசாத பேச்சு அது.

"அன்னைக்கு எல்லாரும் வந்தாங்க. தொரை வந்தாரு, கொண்டி போடச் சொன்னாரு. அப்ப இருந்த கிளாக்கர் வந்தாரு, கொண்டி போடச் சொன்னாரு. தலைவரே, நீங்கதான் மஸ்கெலியாவுக்குப் போயி கொண்டி வாங்கியாந்தீங்க. நானும் நல்லதுன்னு போட்டேன். அம்புட்டுப் பேரு வந்து…" அவள் பேச்சு நின்றது. ஏதோ ஒன்று அப்போதுதான், அந்த நிமிஷத்தில்தான், அவள் மண்டையில் இறங்கியது. "அம்புட்டுப் பேரு வந்தும், நான் எதுக்கு அங்க போனேன்னு ஒருத்தரும் கேக்கலயே! நான் தண்ணிக்குத்தானே போனேன்! கொழாய் போடுன்னு ஒருத்தர்… எனக்குக்கூட அது தோணலயே!"

அவள் திரும்பி ஷாமிலாவைப் பார்த்தாள். பதினொரு வயதுப் பிள்ளை ஒரு மூச்சில் சொன்னதை ஒரு தோட்டமே இருபத்தெட்டு வருடமாக யோசிக்கவில்லை. இந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்.

கடைசிப் பெஞ்சிலிருந்து காளியாயி எழுந்து வந்தாள். சனம் விலகி வழிவிட்டது. அவள் பேச்சியம்மாவைப் பார்க்கவில்லை. கதவுக்கு முன்னால் போய்க் குந்தி, கீறல்களை உள்ளங்கையால் மெதுவாகத் தடவினாள், பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி.

"மொதல்ல கொண்டி போடச் சொன்னது நான்தான்" என்றாள். "எம்புள்ள செத்த அன்னைக்கு நான்தான் கத்துனேன், கதவப் பூட்டித் தொலைங்கடின்னு. எம்புள்ள பேரால இத்தன புள்ளைங்க அழுதிருக்கா?"

அதற்குப் பிறகு அங்கே யாரும் யாரையும் தேற்றவில்லை. தேற்றுகிற நிலையில் யாரும் இல்லை. தவிசாளர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொறுப்பாளர் கையெழுத்துப் போடுகிறாரா என்று கேட்டார்.

கிளாக்கர் ஐயா குறுக்கே வந்தார். "ஆயம்மா, யோசிச்சுப் போடுங்க. இது ஆபீசுக்கு வரும். நான் மறைக்க ஏலாது."

"தெரியும்யா" என்றாள் பேச்சியம்மா. பேனாவை வாங்கினாள். ஆனால் எழுதவில்லை. ஷாமிலாவிடம் போய் நீட்டினாள். "கேட்டது நீ. மொதல்ல நீ போடு, கண்ணு. நான் ஒனக்குக் கீழ போடுறேன். அன்னைக்கு ஒன்னத் திட்டுனத மனசுல வச்சுக்காத."

ஷாமிலா பேனாவை வாங்கிக் குண்டு குண்டாகத் தன் பேரை எழுதினாள். கீழே பேச்சியம்மா கையெழுத்துப் போட்டாள். செல்லசாமி சுருட்டி வைத்திருந்த படத்தை விரிக்கவே இல்லை.

சொன்னது போலவே விசாரணை வந்தது. பேச்சியம்மாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். உண்மையைச் சொன்னதற்குத் தண்டனை உடனே கிடைக்கும், இந்த விஷயத்தில் மட்டும் நிர்வாகத்துக்கு மறதி வராது! அவளுடைய இடத்துக்கு இளம் பெண்கள் இரண்டு பேரைப் போட்டார்கள். உதவிக்கு ஒருத்தியைப் போட மறந்த இடத்துக்கு இப்போது இரண்டு பேர்.

நாலு மாதத்தில் குழாய் வந்தது. காம்பராவுக்குள்ளேயே இரண்டு குழாய், ஒன்று பெரியவர்களுக்கு, ஒன்று பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில். அந்த இரண்டாவதும் பிள்ளைகள் கேட்டதுதான். புதுக் கதவில் வெளியே கொண்டி இல்லை. வடிகானுக்கும் வாசலுக்கும் நடுவில் இடுப்பளவு வேலி.

தண்ணீர் திறந்த நாளன்று பேச்சியம்மாவையும் கூப்பிட்டார்கள். அவள் விருந்தாளி மாதிரி வாசலில் நின்றாள். காளியாயி உள்ளே போய்ச் சின்னக் குழாயைத் திறந்துவிட, கிஷாந்த் இரண்டு கையையும் நீட்டி, சட்டையெல்லாம் நனையக் குதித்தான். காற்றில் புதுக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பேச்சியம்மாவுக்குப் பகீர் என்றது. உள்ளே சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினாள். கதவு திறந்தது. கிஷாந்துதான் திறந்தான், எட்டிப் பார்த்தான், மறுபடி தண்ணீருக்கு ஓடிவிட்டான்.

பக்கத்தில் ஷாமிலா வந்து நின்றாள்.

"ஆயம்மா" என்றாள். எத்தனை மாதம் கழித்து அந்தச் சொல்! "ஒண்ணு கேக்கணும். நீங்க முப்பது வருஷமா தண்ணி சொமந்தீங்க. ஒங்களுக்குத்தானே கை வலிச்சிருக்கும். ஏன் நீங்க ஆபீசுல போயி கொழாய் வேணும்னு கேக்கல?"

பேச்சியம்மா தன்னுடைய கோணல் மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம், தினம் எட்டுக் குடம்.

"கேக்கலாம்னே எனக்குத் தெரியாதே, கண்ணு" என்றாள். "ஒனக்கு என்ன வேணும்னு இந்தத் தோட்டத்துல என்னைய ஒருத்தரும் கேட்டதில்ல. ஒங்கள மாதிரி என்னையும் சின்ன வயசுல யாராவது கூட்டி வச்சுக் கேட்டிருந்தா, பிரதாப்புக்கு இன்னைக்கு முப்பது வயசு."

உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஷாமிலா அவளுடைய கோணல் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.